ஸ்பீக்கருக்குக் கீழே நின்று கேட்டவர்கள்

அன்றைக்கு மேடைக்குப் பக்கத்து அறையில் இருந்தவர்கள் இவ்வளவு பேர்தான்: பாட வந்த பிள்ளை தனலெட்சுமி, அவளுடைய அப்பா ராமையா, அம்மா மாரியாயி, பாட்டுச் சொல்லிக்கொடுத்த திலகம் டீச்சர், தேயிலைத் தோட்டத்துத் தலைவர் வேலு, கடைசியாக வந்த எங்கள் கடை முதலாளி காசிம் நானா, மைக் செட் போட வந்த நான். வேறு யாரும் இல்லை. கதவை நான்தான் சாத்தினேன். வெளியே மண்டபத்தில் பாட்டுப் போட்டி நடந்துகொண்டிருந்தது. தனலெட்சுமி இரண்டாவது அடியில் நின்றுபோய், மேடையை விட்டு இறங்கி வந்து, மூலையில் சுவரைப் பார்த்து நின்றாள்.

இதை இப்போது எழுதக் காரணம், பதுளையில் இன்றைக்கு சவுண்ட் தொழில் செய்கிற பையன்கள். நான் தொழிலை விட்டு வருஷக்கணக்காகிறது. ஆனாலும் பள்ளிக்கூட விழா என்றால் என்னைக் கூப்பிட்டு ஒரு கதிரை போட்டு உட்கார வைப்பார்கள். போன தடவை ஒருவன் கேட்டான்: "மாமா, சின்னப் புள்ளைங்க பாடுறதுன்னா மட்டும் ஏன் முன்வரிசையை எடுக்கச் சொல்றீங்க? பெத்தவங்க எங்களைப் போட்டு ஏசுறாங்க." அப்போது கூட்டம் வந்துவிட்டது, பதில் சொல்ல முடியவில்லை. அந்தப் பதில்தான் இது.

எனக்கு அஞ்சாம் வகுப்போடு படிப்பு நின்றது. சங்கீதம் தெரியாது, ராகம் தெரியாது. பாடுகிறவர்களின் கை எனக்குத் தெரியும். மைக் கம்பியைப் பிடிக்கிற கை எப்படி இருக்கிறது என்று பார்த்தால் அடுத்து என்ன வரும் என்று சொல்லிவிடலாம். நானும் பயந்த ஆள் என்பதால் அது சீக்கிரமே பிடிபட்டது. பூட்டிய கதவை மூன்று தரம் இழுத்துப் பார்க்கிற ஆள் நான். வயர் மாட்டிவிட்டு வந்து, மாட்டினேனா என்று திரும்பிப் போய்ப் பார்ப்பேன். மற்ற முதலாளிமார் என்றால் இரண்டாம் நாளே போ என்றிருப்பார்கள். காசிம் நானா, "பயந்தவன் ஒருத்தன் கடைல இரிக்கோணும். மிஷின் எரியாது" என்று வைத்துக்கொண்டார்.

கடை பஜாரில் இருந்தது. ஆரம்பத்தில் பேட்டரி தூக்கினேன், வயர் சுற்றினேன், ரெக்கார்ட் துடைத்தேன். அதைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. அவர் சொல்லித்தந்த முறைகளைத்தான் சொல்ல வேண்டும். மைக்கை விரலால் தட்டக் கூடாது. ஊதக் கூடாது. "ஹலோ ஹலோ" என்று கத்தக் கூடாது. கடைக்கு வந்த ஆளிடம் பேசுவதுபோல ஒரு வசனம் பேச வேண்டும். நான் எப்போதும் "இன்றைக்கு மழை வராது போல இருக்கிறது" என்று பேசுவேன். மழை கொட்டும்போதும் அதையேதான் பேசுவேன், ஜனம் சிரிக்கும். ஸ்பீக்கர் குழாய்களை மரத்தில் கட்டும்போது ஒன்று கூட்டத்தைப் பார்க்க வேண்டும், மற்றது கூட்டத்துக்கு வெளியே பார்க்க வேண்டும். "உள்ள வர ஏலாதவனுக்கும் கேக்கோணும்" என்பார். மைக்குக்கு முன்னால் குழாயைத் திருப்பினால் கூவும். அது தெரிந்த விஷயம். மெஷினைப் போட்டதும் சத்தத்தைக் கூட்டக் கூடாது, உள்ளே விளக்கெல்லாம் சிவந்து சூடேறும்வரை கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். எனக்கு அந்தக் காத்திருப்புத்தான் பெரிய கஷ்டம்.

அவர் ஏசி நான் கேட்டதில்லை. பிழை ஒன்றைக் கண்டால் தொப்பியைக் கழற்றுவார், உட்பக்கத்தைக் கைலேஞ்சியால் துடைப்பார், திரும்பப் போட்டுக்கொள்வார். அவ்வளவுதான். தொப்பி கழன்றால் நான் வயரையெல்லாம் திரும்ப ஒருதரம் பார்த்துவிட்டு வருவேன்.

முதல் தடவை என்னைத் தனியாக மெஷினில் உட்கார வைத்தது ஹல்துமுல்லைப் பக்கம் ஒரு தோட்டத்துத் திருவிழாவில். கட்டி முடித்துவிட்டுத் திரும்பினேன், முதலாளியைக் காணோம். கூட்டத்துக்குள் தேடுகிறேன். ரோட்டுப் பக்கம் கடைசி மரத்தில் கட்டிய குழாய்க்குக் கீழே, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறார். எனக்கு அழுகை வந்தது. விட்டுவிட்டுப் போய்விட்டார் என்றே நினைத்தேன். திருவிழா ஒரு குறையும் இல்லாமல் நடந்தது. லொறியில் திரும்பி வரும்போது கேட்டேன்.

"மொதலாளி, ஏன் பக்கத்துல நிக்கல?"

"நான் பக்கத்துல நிண்டா நீ மிஷினப் பாக்க மாட்டாய். என்ட மூஞ்சத்தான் பாப்பாய்."

"ஏதாச்சும் ஆகியிருந்தா?"

"சத்தம் நிண்டா எனக்கு அங்கயே தெரியுந்தானே. அதுக்குத்தான் குழாய்க்குக் கீழ நிண்டேன்."

அப்போது அது எனக்குச் சரியாகப் புரியவில்லை. ஒரு முதலாளியின் பழக்கம் என்று வைத்துக்கொண்டேன்.

தனலெட்சுமியை நான் முதலில் பார்த்தது ஸ்பிரிங்வெளிப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில், ஆடித் திருவிழாவுக்குச் செட் போடப் போன சனிக்கிழமை. பள்ளிக்கூடக் கட்டடத்தில் சாமான்களை இறக்கினோம். அங்கே பாட்டு நடந்துகொண்டிருந்தது. திலகம் டீச்சர் யாழ்ப்பாணத்துக்காரி, பதுளையில் படிப்பிக்க வந்தவர், சனிக்கிழமை பஸ்ஸில் ஏறி வந்து இந்தப் பிள்ளைக்கு மட்டும் பாட்டுச் சொல்லிக்கொடுத்தார். எனக்கு வேடிக்கையாகப்பட்டது என்னவென்றால், டீச்சர் சுருதிப் பெட்டியோடு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். பிள்ளை அவருடைய முதுகைப் பார்த்துப் பாடினாள்.

"டீச்சர் ஏன் அந்தப் பக்கம் திரும்பி இருக்கீங்க?" என்று வாய் சும்மா இருக்காமல் கேட்டுவிட்டேன்.

"என்ரை முகம் ஒரு கள்ளமும் தெரியாத முகம். பிழை வந்தா உடன காட்டிக் குடுத்துடும். பிறகு அவ பாட்டை விட்டுட்டு என்ரை முகத்தைத்தான் பாப்பா."

அன்று ராத்திரி கோயிலில் அவள் பாடினாள். நான் சத்தத்தைக் கூட்ட வேண்டியே வரவில்லை. மைக் கம்பியைப் பிடிக்கவும் இல்லை, கை இரண்டும் பாவாடைப் பக்கத்தில் சும்மா தொங்கின. எதிர் மலையில் இருந்த லயத்து வரிசை வீடுகளிலிருந்து ஆட்கள் இறங்கி வந்தார்கள். ராமையா கூட்டத்துக்குள் ஓடி ஓடி, "எம்புள்ள, எம்புள்ள" என்று சொல்லிக்கொண்டிருந்தார். மாரியாயி பொங்கல் பானைப் பக்கம் நின்று அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். மகள் பாடுவது இவருக்கு ஒரு பொருட்டில்லை போல என்று அன்று நான் நினைத்துக்கொண்டேன்.

மறு வருஷம் பதுளையில் ஒரு சங்கம் பாட்டுப் போட்டி வைத்தது. முதல் இரண்டு இடத்துக்கு வருகிற பெண்பிள்ளைகளை டவுன் பள்ளிக்கூடம் ஒன்று விடுதியில் சேர்த்து, சங்கீதமும் சொல்லிக்கொடுத்துப் படிக்கவைக்கும் என்று பேச்சு. தனலெட்சுமிக்கு வேலைக்குப் போகிற வயது வந்துவிட்டது. அடுத்த மாதம் கொழுந்து எடுக்கப் பேர் பதிய வேண்டும். பேர் பதிந்துவிட்டால் காலையில் ஆள் எண்ணி வேலைக்கு அனுப்புகிற பெரட்டுக்குப் போக வேண்டியதுதான், பாட்டு எல்லாம் அதோடு சரி. வென்றால் விடுதி, இல்லாவிட்டால் கொழுந்துக் கூடை. அந்தப் பிள்ளைக்கு அது நன்றாகத் தெரியும்.

செட் எங்களுடையது. விடியவே போய்ப் பூட்டினேன். மண்டபத்துக்குள்ளே ஒரு குழாய், வாசலுக்கு வெளியே மாமரத்தில் ஒரு குழாய். முதலாளி வழக்கம்போல வெளிக் குழாய்க்குக் கீழே போய்விட்டார்.

பத்து மணிபோல லொறி வந்தது. தோட்டத்து ஜனம் பாதி அதில்தான். வீட்டுக்கு வீடு பணம் சேர்த்து, லொறி பிடித்து, பிள்ளைக்குப் பட்டுப் பாவாடை தைத்துக் கொண்டுவந்திருந்தார்கள். ராமையா தேயிலைச் செடியைக் கவாத்து வெட்டுகிற ஆள், கையெல்லாம் காய்ப்பு. அந்தக் கையால் ஒவ்வொருவரையும் இழுத்து முன்வரிசையில் உட்கார வைத்தார். "அது நடுவருக்கு வச்ச எடம்" என்று சங்கத்துக்காரர் ஒருவர் சொன்னதற்கு, "அப்ப நடுவரு எம்மடியில குந்தட்டும்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள், நடுவர்களுக்கு மேடை ஓரத்தில் கதிரை போட்டார்கள். டீச்சருக்கும் முன்வரிசையில் இடம். போட்டிச் சட்டப்படி சுருதிப் பெட்டியைப் சங்கத்துக்காரர்களின் ஆள்தான் போடுவார் என்று யாரோ சொன்னதை நம்பி, அவரும் பேசாமல் போய் உட்கார்ந்துவிட்டார்.

அவளுடைய முறை வருவதற்கு முன்னால் தலைவர் வேலு மேடைக்கு ஏறினார். எங்கள் பக்கத்து வழக்கம் ஒன்று உண்டு. திருவிழாவில் யார் என்ன அன்பளிப்புக் கொடுத்தாலும் மைக்கில் பேர் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் கோபித்துக்கொள்வார்கள். நியாயமான கோபம்தான். நடுவர்கள் முன்னால் பாடியவருக்குப் புள்ளி போட்டுக்கொண்டிருந்த நேரம். "ரெண்டே நிமிசம்" என்று சொல்லித் தலைவர் மைக்கைப் பிடித்தார்.

"நம்ம தோட்டத்துச் செல்வம் தனலெட்சுமி பாட வந்ததுக்கு உதவி செஞ்ச நல்ல உள்ளங்கள்! நாலாம் நம்பர் லயம் முனியாண்டி அண்ணன், ரெண்டு ரூவா! அஞ்சாம் நம்பர் லயம் கருப்பாயி அக்கா, ஒரு ரூவா!" இப்படியே போனது. ஒவ்வொரு பேருக்கும் முன்வரிசையில் கைதட்டல், பேருக்கு உரியவர் எழுந்து கும்பிடுவார். வாசிப்பவருக்கும் சந்தோஷம், கேட்பவர்களுக்கும் சந்தோஷம். நான் பக்கத்தில் நின்ற பிள்ளையைப் பார்த்தேன். ஒவ்வொரு பேருக்கும் அவள் விரலை மடக்கிக்கொண்டே வந்தாள். கடைசியில் கை முஷ்டியாகிவிட்டது.

அந்தக் கையோடு போய் மைக் கம்பியைப் பிடித்தாள். பிடித்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது.

முதல் அடி வந்தது. மெல்லியதாக வந்தது. நான் சத்தத்தைக் கூட்டினேன். அவள் கண் டீச்சரைத் தேடியது. டீச்சருடைய முகம் வெளுத்துப் போயிருந்தது. பக்கத்தில் ராமையா கையை ஆட்டி ஆட்டி, "பாடு! பாடு!" என்று வாயசைக்கிறார். அவருக்குப் பின்னால் லொறியில் வந்தவர்கள் எல்லாரும் தலையை ஆட்டுகிறார்கள். இரண்டாவது அடியில் சத்தம் நின்றது. நின்றே போனது. கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள். பிறகு இறங்கி வந்துவிட்டாள்.

அறைக்குள் எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். "ஒனக்காகத்தானே அத்தன சனம் வந்துச்சு!" என்று ராமையா. "தோட்டத்து மானம் போச்சே" என்று தலைவர். "என்ரை முகம் காட்டிக் குடுத்துட்டுது. அதை அவ பாத்துட்டா" என்று டீச்சர் தனக்குள் சொல்லிக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் முதலாளி உள்ளே வந்தார். மூலையில் நின்றவளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். தொப்பியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். மெஷினில் ஒரு பிழையும் இல்லையே, ஏன் தொப்பி கழன்றது?

"சுப்பையா, மைக்ல கோளாறு."

"இல்லைங்க மொதலாளி, மைக் நல்லா..."

"மைக்ல கோளாறு எண்டு சொல்றேன். போய்க் கழட்டிட்டு மத்ததப் பூட்டு. நாலு பேர் பாக்கப் பூட்டு."

அவரே மேடையேறி நடுவர்களிடம் போனார். தன் செட்டில் கோளாறு என்று யாராவது சொன்னால் அந்த இடத்திலேயே மெஷினைத் திறந்து காட்டுகிற மனுஷன், அவ்வளவு பேருக்கு முன்னால் தலையைக் குனிந்து, "ஐயாமார் மன்னிக்கோணும், எங்கட மைக் மக்கர் பண்ணிட்டு. புள்ளேல பிழை இல்ல. கடைசில ஒருக்கா பாட விடுங்கோ" என்றார். நான் பழைய மைக்கைக் கழற்றுகிறேன், திருகாணி கீழே விழுகிறது. நடுவர்களில் வயதான ஒருவர் கண்ணாடிக்கு மேலால் பார்த்தார்.

"இப்பதானே ஒருத்தர் பேர்களெல்லாம் வாசிச்சார். நல்லாக் கேட்டுதே?"

"அது ஆம்பிளத் தொண்டை ஐயா. அதுக்கு வேல செய்யும். சின்னப் புள்ளட தொண்டைக்குத்தான் மக்கர் பண்ணும்."

அப்படியொரு மைக்கை இந்த உலகத்தில் யாரும் செய்யவில்லை. வயதானவர் தாளில் பேரைக் கடைசிக்கு மாற்றி எழுதினார். "சரி, கடைசியில் பாடட்டும்" என்றார்.

அறைக்குத் திரும்பினோம். எனக்கு ஹல்துமுல்லை ரோட்டு மரம் ஞாபகம் வந்தது. ராமையாவின் கையைப் பிடித்து வெளியே கூட்டிப்போனேன்.

"அண்ணே, சனத்தையெல்லாம் கூட்டிக்கிட்டு வெளிய மாமரத்துக்குக் கீழ போயிருங்க."

"என்னாய்யா பேசுற? எம்புள்ள பாடுறத நான் பாக்கக் கூடாதா?"

"கேளுங்கண்ணே. அங்கதான் ஸ்பீக்கர் கட்டியிருக்கேன், உள்ளவிட நல்லாக் கேக்கும். பாக்காதீங்க, அவ்வளவுதான்."

"நீ புள்ள பெத்தவனா?"

"இல்லண்ணே. ஆனா பயந்தவன்."

ராமையா முகத்தைத் துடைத்துக்கொண்டு போய் ஒவ்வொருவராக எழுப்பினார். அவர்கள் முணுமுணுத்துக்கொண்டே வெளியே போனார்கள். தலைவரையும் அனுப்பினேன், அவர் போகும்போது என்னைப் பார்த்த பார்வை இன்னும் ஞாபகம் இருக்கிறது. டீச்சர் சங்கத்துக்காரர்களிடம் போய்ச் சட்டத்தைக் கேட்டார். சுருதிப் பெட்டியை யாரும் போடலாம் என்றார்கள். "நான் பின்னால இருக்கிறன் பிள்ளை. சுவரைப் பாத்துக்கொண்டு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பெட்டியைத் தூக்கினார்.

மாரியாயி மகளின் பின்னலை அவிழ்த்துத் திரும்பப் பின்னினார். பின்னி முடித்துவிட்டுச் சொன்னார்: "பாடுனா பாடு. பாடாட்டி வா, வீட்டுக்குப் போவோம். சோறு ஆக்கி வச்சிட்டுத்தான் வந்திருக்கேன்." அதைச் சொல்லிவிட்டு அவரும் மாமரத்தடிக்குப் போனார்.

கடைசிப் பேர் கூப்பிட்டார்கள். முன்வரிசை காலி. தெரிந்த முகம் ஒன்றும் இல்லை. தனலெட்சுமி மைக்கைப் பார்த்தாள், கை கம்பிக்குப் போகவில்லை. நான் சத்தத்தைத் தொடாமல் கையைக் கட்டிக்கொண்டேன். பாடினாள். நடுவில் ஓரிடத்தில் அடி மாறியது. அவள் நிற்கவில்லை, அதே அடியைத் திரும்ப எடுத்துச் சரியாகப் பாடிக்கொண்டு போனாள். பிள்ளைக்குப் பின்னால் டீச்சருடைய முதுகு அசையாமல் இருந்தது. பாட்டு முடிந்ததும் மண்டபத்துக்குள் எழுந்த கைதட்டலைவிட வெளியே மாமரத்தடியில் எழுந்த சத்தம்தான் பெரிதாக இருந்தது.

இரண்டாவது இடம். விடுதியில் சேர்த்துக்கொண்டார்கள். பேர் பதியவில்லை.

அதிலிருந்து அந்த ஒழுங்கு எனக்குப் பழக்கமாகிவிட்டது. பிள்ளைகள் பாடுகிற இடத்தில் பெற்றவர்களுக்கு வெளிக் குழாய்க்குக் கீழேதான் கதிரை போடுவேன். எல்லாப் பிள்ளைக்கும் இது சரிவரும் என்று சொல்லமாட்டேன். அம்மாவைக் காணாவிட்டால் வாயே திறக்காத பிள்ளைகளும் உண்டு. கையைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும்.

எண்பதுகளில் ஒரு பள்ளிக்கூட விழாவுக்குச் செட் கொண்டுபோனேன். சங்கீத டீச்சர் வந்து, "மைக்கார அண்ணே" என்று கூப்பிட்டார். தனலெட்சுமி. அவருடைய மாணவிகள் அன்று பாடினார்கள். பெற்றவர்களை எங்கே உட்கார வைப்பது என்று நான் கேட்கவேயில்லை, அவரே வெளியே கதிரை போட்டிருந்தார். விழா முடிந்து வயர் சுற்றும்போது பக்கத்தில் வந்து நின்றார்.

"அண்ணே, அன்னைக்கு மைக் நல்லாத்தானே இருந்துச்சு?"

நான் வயரைப் பார்த்தேன்.

"எனக்கு அப்பவே தெரியும். பாட்டு நின்ன பெறகு எம்மூச்சு ஸ்பீக்கர்ல கேட்டுச்சு. மண்டபம் முழுக்கக் கேட்டுச்சு."

மூச்சுக் கேட்டது என்றால் எல்லாருக்கும் கேட்டிருக்கும். கண்ணாடிக்கு மேலால் பார்த்த அந்த வயதான நடுவருக்கும் கேட்டிருக்கும். இத்தனை வருஷம் அது எனக்குத் தோன்றவேயில்லை.

"பேரு வாசிச்சாங்கல்ல, அதுல கருப்பாயி அக்கா பேரும் வந்துச்சு. அவங்க வீட்டுக்காரரு அப்ப ஆஸ்பத்திரியில கெடந்தாரு. ஒரு ரூவான்னு வாசிச்சதும் பாட்ட விட்டுட்டுக் காச எண்ண ஆரம்பிச்சேன். எப்புடித் திருப்பிக் குடுப்பேன்னுதான் நெனச்சேன். அம்மா சோறு ஆக்கி வச்சிருக்கேன்னு சொன்ன பெறகுதான் மூச்சு வந்துச்சு."

அவரைக் கடைக்குக் கூட்டிப்போனேன். முதலாளிக்கு வயதாகிவிட்டது, வாசல் கதிரையில் இருந்தார், கல்லாவில் மகன்தான். அந்தப் பாட்டுப் போட்டி நாளில் மண்டபச் செட்டுக்கு எழுபத்தைந்து ரூபாய் பேச்சு, நாற்பது முன்பணம். மைக் கோளாறு என்று முதலாளியே எல்லார் முன்னாலும் சொன்னதால் மிச்சத்தைச் சங்கம் நிறுத்திவிட்டது. அடுத்த வருஷம் செட்டும் வேறு கடைக்குப் போய்விட்டது. ஒரே ஒருதரம் கேட்கப் போனேன். "மைக் ஒழுங்கா வேலை செஞ்சிருந்தா தந்திருப்போமே" என்றார் பொருளாளர். திறந்த வாயை மூடிக்கொண்டு வந்துவிட்டேன். நல்லாத்தான் இருந்தது என்று எப்படிச் சொல்வது?

இதை நான் சொல்லவும் தனலெட்சுமி கைப்பையைத் திறந்தார். முதலாளி தொப்பியைக் கழற்றினார். என் கண் பழைய மாதிரியே வயரைத் தேடியது.

"உள்ள வை புள்ள. நீ தந்தா அந்த மைக் நல்லாயிருந்தது எண்டு ஆகிடும். அது அவங்கட கடன். அவங்க தரட்டும்."

முதலாளி காலமாகிவிட்டார். கடையும் இப்போது இல்லை. முப்பத்தைந்து ரூபாய் இன்னும் பாக்கி.